எந்தத் தெரு?

(வீராம்பட்டினத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நகரத்தை நடந்து பார்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் வங்கியில் எழுத்தர். நாள் பூரா உட்கார்ந்தே கிடக்கிற வேலை. அதனால் சாயங்காலமானால் கால்கள் தெருவைத் தேடும். கவிதை எழுதுகிறேன் என்பதைவிட நடக்கிறேன் என்பதுதான் நிஜம். அந்தத் தகுதியில் சில விஷயங்களைச் சொல்கிறேன். விவாதிப்போம்.

நகரத்தில் நடப்பவனைப் பற்றி மேற்கில் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1840ஐ ஒட்டிய பாரீசில், கடைத்தெருக் கூடங்களில் ஆமையைக் கயிற்றில் கட்டி, அதன் வேகத்துக்கு நடந்துபோவது கொஞ்ச காலம் நாகரிகமாக இருந்ததாம். வால்டர் பெஞ்சமின் எழுதுகிறார். அவசரமில்லாமல், வேலையில்லாமல், யாராலும் அடையாளம் காணப்படாமல், கூட்டத்துக்குள் கரைந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கிறவன்தான் நவீன கவிஞன் என்று போதலேரை முன்வைத்து ஒரு சித்திரம் தருகிறார். அழகான சித்திரம்தான். ஆனால் யாராலும் அடையாளம் காணப்படாமல் நடப்பது இங்கே யாருக்குச் சாத்தியம்? நம்ம ஊர்ல ஆமையோட வேகத்துல ஒருத்தன் புதுத் தெருவுக்குள்ள நடந்தா, நாலாவது வீட்டுத் திண்ணையில இருந்து கேள்வி வந்துடும்: "யாருப்பா? எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஊர்ப்பேரைச் சொன்னால் சாதி தெரியாது. தெருப்பேரைச் சொன்னால் தெரிந்துவிடும்.

நடை என்பது நமக்கு ஒருபோதும் பொழுதுபோக்காக இருந்ததில்லை, அது உரிமைப் பிரச்சினை. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு கலகம். 1924இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்க. அதே 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுப் பாதைகளிலும் பொதுக் கிணறுகளிலும் நமக்கிருக்கிற உரிமையைப் பற்றியதுதான். தெருவில் நடப்பதற்கு ஒரு சமூகம் சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

செத்த பிறகாவது நிம்மதியாகப் போக முடிகிறதா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்தில் பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே அந்தக் காட்சியைப் பார்த்தது.

இனி புதுச்சேரிக்கு வருவோம். 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது கட்டம் கட்டமாகப் போட்ட தெருத் திட்டம்தான் இன்றைக்கும் நாம் நடக்கிற நகரம். நடுவில் பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். சுற்றுலா வருகிறவர்களுக்கு இந்த இரண்டையும் காட்டுகிறார்கள். கிழக்கே மஞ்சள் சுவர், காகிதப்பூ, துய்மா வீதி. மேற்கே தூண்வைத்த திண்ணை வீடுகள். வெள்ளை, கறுப்பு என்று சொல்லி முடித்துக்கொள்வது ரொம்ப வசதி. ஏனென்றால் அந்தக் கறுப்பு நகரத்துக்குள்ளேயே செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு, கோமுட்டித் தெரு என்று சாதிவாரியாகக் கட்டம் பிரித்ததைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நகரத்தைச் சுற்றிப் போட்ட புல்வாருக்கு வெளியே யார் இருந்தார்கள் என்றும் பேச வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன் வரைந்த கோடு ஒன்று. அதற்குள்ளே நம்மவர்கள் வரைந்த கோடுகள் எத்தனை?

சம்பா கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள்ளே பறையர் கிறித்துவர்களைத் தனியே பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் அதை இடித்தபோது சாதிக் கிறித்துவர்கள் கொதித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவர் சந்நிதியில்கூட "எந்தத் தெரு?" என்ற கேள்வி.

இன்னொரு கதையும் இந்த நகரத்துடையதுதான். 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார், வெளியே அனுப்பினார்கள். பாரீசு வரைக்கும் வழக்கை எடுத்துப்போய் ஜெயித்தார். நல்லது. ஆனால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த் தெருவைக் கடந்த நம் பாட்டன்களின் வழக்கை எந்தப் பாரீசு விசாரித்தது? காலணி போடக்கூடாது என்று காலனியில் வைக்கப்பட்டவர்கள் நாம். பிரெஞ்சுக் காலனி 1954இல் கைமாறி 1962இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. நம் ஊர்க் கோடியில் இருந்த 'காலனி'யை யாரும் விடுவிக்கவில்லை. அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக முதல்வர் அறிவிக்க 2025 ஏப்ரல் வரை ஆனது. சொல் போகட்டும், வரவேற்போம். கோடு போகிறதா என்று நடந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தலித் ஒருவன் நகரத்தின் எல்லாத் தெருக்களையும் நடந்து பார்க்கிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. வீடு தேடும்போது. நான் மாற்றலாகி வந்த புதிதில் இரண்டு மாதம் தினமும் நடந்தேன். 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். வங்கி வேலை என்றதும் முகம் மலரும். நாற்காலி வரும், தண்ணீர் வரும். அப்புறம் மெதுவாக, "தம்பிக்குச் சொந்த ஊரு?" சொல்வேன். "அங்க எந்தத் தெரு?" சொல்வேன். "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பார், அவரேதான் வீட்டுக்காரர். ஒரு அம்மா முன்பணத்தை வாங்கி, மறுநாள் காலையில் எண்ணிப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்தார். "சைவமா நீங்க?" என்று கேட்ட வீட்டின் அடுப்பங்கரையிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் என் மனசுக்குள் ஒரு வரைபடம் உருவானது. எந்தச் சுற்றுலா வரைபடத்திலும் அது இல்லை. அதில் வாய்க்கால் ஒன்று இல்லை, தெருவுக்குத் தெரு வாய்க்கால்.

அதனால் நாம் நகரத்துக்குள் நுழையும் வழியை மாற்றுவோம் என்கிறேன். கடற்கரைச் சாலையிலிருந்து தொடங்காமல் இந்த வீராம்பட்டினத்து மணலிலிருந்து தொடங்குவோம். செங்கழுநீர் அம்மன் தேரை ஒரு காலத்தில் பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் பிடித்த ஊர் இது. பக்கத்தில் அரிக்கமேடு. லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர், இந்த ஊர்க்காரர்கள் ஆற்றங்கரையில் பெரிய பெரிய பழஞ்செங்கற்களை எடுத்துக்கொண்டிருந்ததை எழுதினார். 1945இல் வீலர் தோண்டியபோது ரோமானிய மண்பாண்டங்களும் சாயத்தொட்டிகள் என்று அவர் கருதிய கட்டுமானங்களும் கிடைத்தன. பாடப்புத்தகம் 'ரோமானிய வணிகம்' என்கிறது. சாயம் முக்கியவர் யார், மணி கோத்தவர் யார், கரையில் சுமை தூக்கியவர் யார் என்று அது கேட்பதில்லை. காக்காயந்தோப்பில் ஒரு புத்தர் இருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதரைப் படித்துவிட்டு அவர் முன்னால் நில்லுங்கள், அந்த இடம் வேறாகத் தெரியும்.

அங்கிருந்து அரியாங்குப்பம், ஆற்றுப்பாலம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை. 2020இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலையின் நீண்ட மதில். 1936 ஜூலை 30 அன்று இந்த நகரத்தின் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. இந்த வழியாக நடந்துபோய் நகரத்துக்குள் நுழைகிறவனுக்குக் கண்ணில் முதலில் படுவது மஞ்சள் சுவர் அல்ல, உழைத்தவர்களின் ஊர்.

இந்தப் பாதையில் மீன்கூடையோடு நடந்த பெண்களை உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கிற ஒரு மூதாட்டியை நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். உழைக்கும் உடம்பு நாறுகிறது என்று சொல்கிற அதே மூக்குதான் நம்மையும் மோப்பம் பிடிக்கிறது. ஆனால் குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவிலும் ஒரு கோடு இருப்பதை மறைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். அதைப் பேசாமல் தோழமை பேசினால் அது வெறும் மேடை அலங்காரம். இந்த மண்ணில் நின்று சொல்வதால்தான் இதற்கு அர்த்தம்.

கடைசியாக ஒன்று. நகரத்தை நடந்து அறிந்தவர்கள் யார் என்று கேட்டால் நான் கவிஞர்களைச் சொல்லமாட்டேன். விடிகாலையில் தள்ளுவண்டியோடு ஒவ்வொரு வாசலையும் கடக்கிற துப்புரவுத் தொழிலாளர்களைச் சொல்வேன். எந்த வீட்டில் என்ன தின்றார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தச் சாக்கடை எங்கே முட்டுகிறது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எல்லாத் தெருவிலும் கால் பதிக்கிறவர்கள், ஆனால் அந்தத் தெருக்கள் எதிலும் ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்காதவர்கள். மனிதர் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இலும் 2013இலும் சட்டம் போட்டார்கள். துடைப்பம் இன்னும் யார் கையில் இருக்கிறது?

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு போதும். பலகையில் உள்ள பெயர் என்ன, வாயில் புழங்குகிற பெயர் என்ன? யாருக்கு வீடு தருகிறார்கள், யாருக்குத் தருவதில்லை? சுடுகாட்டுப் பாதை எந்த வழியாகப் போகிறது? யார் கூட்டுகிறார்கள், அவர்கள் எங்கிருந்து நடந்து வருகிறார்கள்? இந்த நாலையும் எழுதுங்கள். எல்லா நோட்டுகளையும் சேர்த்தால் இந்த நகரத்தின் உண்மையான வரைபடம் கிடைக்கும். வாடகை மறுப்பைச் சாதிக்கொடுமை என்று எழுதிக் கொடுக்கவும் வழக்காடவும் அது நமக்கு ஆதாரமாகும்.

போகிற வழியில் திண்ணையிலிருந்து யாராவது "எந்தத் தெரு?" என்று கேட்டால் தயங்காமல் நம் தெருவின் பேரைச் சத்தமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: "உங்க தெருவுல எங்களுக்கு எத்தனை வீடு?"