பவர் ஸ்டீயரிங் ஆயில்

பவர் ஸ்டீயரிங் ஆயில் என்பது ஓட்டுநரின் கைபலத்தைப் பெருக்கித் தரும் எண்ணெய். இன்ஜினோடு சுழலும் பம்பு அதை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தம் சக்கரங்களைத் திருப்ப உதவுகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் பவர் ஸ்டீயரிங்கை வண்டியில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக் காரில் வந்தது 1951இல்தான்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணி வந்து மலைக்கோயில் பாதையில் ஏறும் வண்டி, வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ‘ஙொய்’ என்று முனகினால், முதலில் ஆயில் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டாலே நிலைமை தெரிந்துவிடும். புது ஆயில் பெரும்பாலும் சிவப்பாகவோ தேன் நிறமாகவோ இருக்கும். கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. அளவு குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது. ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியம் ஆகாது. பொதுவாக 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்லது. ஆனாலும் காலம், ஆயில் ரகம் இரண்டுக்கும் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு.

ஆயிலை மாற்ற, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டப்பாவுக்குத் திரும்பிவரும் குழாயைக் கழற்றிப் பழைய ஆயிலைக் கேனில் வடிக்க வேண்டும். இன்ஜின் அணைந்தபடியே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பினால் உள்ளே தங்கியதும் வெளியேறும். வடித்ததை வாய்க்காலில் கொட்டவே கூடாது. குழாயை மாட்டி, புது ஆயில் ஊற்றி, மறுபடியும் அதேபோல் பலமுறை திருப்ப, காற்றுக் குமிழிகள் மேலே வரும். அவை அடங்கிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வறண்டு ஓடினால் பம்பு கெட்டுவிடும்.

எலெக்ட்ரிக் ஸ்டீயரிங் பொருத்திய இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் இந்த ஆயிலே கிடையாது.