ஃபீஸ் கட்டியதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை

(முதலாண்டு கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தங்கச்சிமடத்தில் நடந்த வழிகாட்டிக் கூட்டத்தில், அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில்தான் பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது, கல்லூரி அட்மிஷனும் நடக்கிறது. கையில் காசு இல்லாத நேரத்தில் கட்டணம் கட்டியாக வேண்டும். அதனால்தான் கல்வி உதவி என்றாலே ஃபீஸ் என்று நாம் பழகிவிட்டோம். ரசீதை வாங்கிக் கோப்பில் வைத்ததும் பொறுப்பு முடிந்தது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அது போதாது என்று ஒரு பிள்ளை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தான். அவன் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம். நம் உதவியில் வெளியூரில் சேர்ந்தவன், ஐந்தாவது வாரம் பெட்டியோடு வந்து இறங்கினான். "எனக்குப் படிப்பு சரிப்பட்டு வராது" என்றான். வாப்பா திட்டினார், உம்மா அழுதார்கள். நாங்கள் போய் உட்கார்ந்து பேசிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிளஸ் டூ வரை தமிழில் படித்தவனுக்கு வகுப்பில் பேசும் ஆங்கிலம் பிடிபடவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கம். இன்டர்னல் மார்க் என்றால் என்ன, அசைன்மென்ட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்க ஆள் இல்லை. விடுதியில் ஐந்து வாரமும் தனியாகவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

அந்த ஆண்டு அவன் திரும்பிப் போகவில்லை. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அவனைக் காட்டியே அடுத்த ஆண்டு இரண்டு வீட்டில் பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கினார்கள். ஒருவன் திரும்பி வந்தால் அவனோடு நிற்பதில்லை, பின்னால் வருகிறவர்களின் வழியும் அடைபடுகிறது. அதைத் தடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

நம் தீவிலிருந்து படிக்கப்போன அப்துல் கலாம் அவர்களை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி ஜொஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1950இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனவருக்கு விடுதி அறையில் கிடைத்த துணையை நாம் அதிகம் பேசுவதில்லை. ஸ்ரீரங்கத்து ஐயங்கார் மாணவர் ஒருவர், கேரளத்து சிரியன் கிறிஸ்தவ மாணவர் ஒருவர், ராமேஸ்வரத்து முஸ்லிம் பிள்ளை ஒருவர் என மூவரும் ஒரே அறையில் ஒற்றுமையாக இருந்தார்கள். பின்னர் அவர் சைவ உணவு விடுதிக்குச் செயலாளராகவும் ஆனார். எம்.ஐ.டி.யிலும் நான்கு நண்பர்களோடு சேர்ந்துதான் ஒரு போர் விமானத்துக்கு வடிவமைப்பு வேலை செய்தார். அந்த லாத்தாவின் நகை அவரை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. உள்ளே நிலைத்து நிற்கக் கூட்டாளிகள் இருந்தார்கள்.

புதிதாக வந்தவருக்குத் துணை சேர்ப்பது நமக்குப் புதிய செய்தியும் இல்லை. மக்காவிலிருந்து மதீனா வந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் உள்ளூர் அன்சாரிகளோடு ஒருவருக்கு ஒருவர் சகோதரராக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தன் செல்வத்தில் பாதியைத் தர சஅத் இப்னு ரபீஃ (ரலி) முன்வந்தார். அவர் அதை ஏற்காமல், சந்தைக்கு வழி காட்டுங்கள் என்று கேட்டார். நம் பிள்ளைகளும் வழி காட்டத்தான் ஆள் கேட்கிறார்கள்.

கல்வி நிலையங்களும் இதை உணர்ந்திருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1927இல் அலெக்சாண்டர் மைக்கல்ஜான் ஒரு சோதனைக் கல்லூரி தொடங்கினார். முதலாண்டு முழுக்கப் பழைய ஏதென்ஸ் நகரம் என்ற ஒரே கருப்பொருள். மாணவர்கள் ஆசிரியர்களோடு ஒரே இடத்தில் இருந்து படித்தார்கள். 1932இல் அது மூடப்பட்டாலும் யோசனை நிலைத்தது. இன்று பல நாடுகளில் ஒரு சிறு குழு ஒரே கருப்பொருளை வைத்து இரண்டு மூன்று பாடங்களைச் சேர்ந்தே படிக்கிறது. தினமும் அதே முகங்களைப் பார்ப்பதால் கூச்சம் தானாகக் குறைகிறது.

நம் நாட்டில் காந்திநகர் ஐ.ஐ.டி. 2011இல் முதலாண்டு மாணவர்களுக்கு ஐந்து வார அடித்தளப் பயிற்சியைத் தொடங்கியது. அதையொட்டி ஏ.ஐ.சி.டி.இ. பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. ஏறக்குறைய 20 மாணவருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்பது அதன் ஏற்பாடு. கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் 2019இல் யு.ஜி.சி. 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. பெற்றோர் சிலர், "முதல் வாரம் பாடம் நடக்காதாம், மெதுவாகப் போகலாம்" என்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாட்களில்தான் நட்பு அமைகிறது. தயவுசெய்து முதல் நாளே அனுப்புங்கள்.

இனி நாம் செய்யப்போவது.

ஒன்று: ராமேஸ்வரம், ராமநாதபுரம், கீழக்கரை, காரைக்குடி, மதுரை, திருச்சி என்று போகிற ஊர்வாரியாகப் பிள்ளைகளைக் குழுவாக்குகிறோம். ஒவ்வொரு குழுவுக்கும் அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு காக்கா. பெண் பிள்ளைகள் குழுவுக்கு ஒரு லாத்தா. முதல் எட்டு வாரம் வாரம் ஒருமுறை கட்டாயம் பேச வேண்டும்.

இரண்டு: மாதம் ஒரு ஞாயிறு இங்கே கூடுவோம். கருப்பொருள் 'நம் கடல்'. வணிகவியல் படிப்பவர் ஒரு படகின் டீசல், ஐஸ், ஆள்கூலிக் கணக்கை எழுதட்டும். விலங்கியல் மாணவி நண்டையும் இறாலையும் பற்றிச் சொல்லட்டும். ஆங்கிலம் படிப்பவர் அதையே எளிய ஆங்கிலத்தில் எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும். தெரிந்த விஷயத்தில் தொடங்கினால் தெரியாத மொழியும் வசப்படும். மீனவ வீட்டுப் பிள்ளைகள் எந்த மதமானாலும் வரலாம். கலாமின் அறையில் மூன்று பேர் இருந்ததை மறக்க வேண்டாம்.

மூன்று: உரிமைகளைக் கேட்டு வாங்குவோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் கேட்கலாம். விண்ணப்பத்துக்கு நாங்கள் துணை வருகிறோம். ராகிங் தொல்லை வந்தால் மறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. யு.ஜி.சி. உதவி எண் 1800-180-5522.

பெற்றோரே, போனில் "மார்க் எவ்வளவு?" என்று கேட்கும் முன், "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். "தனியாகத்தான்" என்று இரண்டு வாரம் தொடர்ந்து பதில் வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் போய்ப் பார்த்து வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

ஊர் திரும்பிய அந்தப் பிள்ளை, இந்த ஆண்டு நம் பக்கத்திலேயே ஒரு கல்லூரிக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். இந்த முறை அவனைத் தனியாக அனுப்ப மாட்டோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.