‘ரீயுனைட்’ என்னும் வினைச்சொல்லைக் கற்பித்தல்

வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆங்கிலப் பாடப் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை



இந்த அமர்வில் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘ரீயுனைட்’ என்பது அந்தச் சொல். காணாமல்போன குழந்தை கிடைத்த செய்தியில் அது வருகிறது. முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு வரும் நாளில் வாசலில் கட்டும் பதாகையில் ‘ரீயூனியன்’ என்று அதன் பெயர்ச்சொல் வருகிறது. ஆனால், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். ‘ஐ ரீயுனைட்டட் மை ஃபிரெண்ட்’ என்று எழுதுகிறார்கள்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? ‘மீண்டும் சந்தி’ என்று பொருள் எழுதிக்கொண்ட மாணவர், ‘நண்பனைச் சந்தித்தேன்’ என்று தமிழில் நினைக்கிறார். ‘நண்பனை’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு இருக்கிறது. ஆகவே, ஆங்கிலத்திலும் வினைக்குப் பக்கத்திலேயே ‘மை ஃபிரெண்ட்’ என்று செயப்படுபொருளை வைத்துவிடுகிறார். அவர் சிந்தித்த முறையில் பிழையில்லை. கையில் இருந்த பொருள்தான் பொருந்தவில்லை.

‘மீண்டும் ஒன்றுசேர்’ என்று பொருள் கொடுத்துப் பாருங்கள். ‘நண்பனை ஒன்றுசேர்ந்தேன்’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ‘நண்பனுடன்’ என்றே சொல்லும். அந்த ‘உடன்’ தான் ஆங்கிலத்தின் ‘வித்’. ‘ஐ ரீயுனைட்டட் வித் மை ஃபிரெண்ட்’ என்ற சரியான வாக்கியம் தானாகவே வந்துவிடும். பொருளைச் சொல்லும்போதே அதற்குரிய உருபையும் சேர்த்து, ‘ஒருவருடன் மீண்டும் ஒன்றுசேர்’ என்று கரும்பலகையில் எழுதுங்கள். இன்று நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

இந்தப் பொருள் சொல்லின் உள்ளேயே இருக்கிறது. ‘ரீ’ என்றால் ‘மீண்டும்’. ரீசார்ஜ், ரீஃபில் இரண்டும் வீட்டிலேயே பழகிய சொற்கள். ‘யுனைட்’ என்பது ‘ஒன்று’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. யூனிட், யூனியன், குழந்தைகள் அணிந்திருக்கும் யூனிஃபார்ம் ஆகிய எல்லாவற்றிலும் அந்த ‘ஒன்று’ இருக்கிறது. நம் ‘ஒன்றுசேர்’ என்பதிலும் ‘ஒன்று’ இருக்கிறதல்லவா? இதைச் சொன்னால் மாணவர்கள் சொல்லை மறக்கமாட்டார்கள். ‘ரீ’யிலேயே ‘மீண்டும்’ இருப்பதால், பின்னால் இன்னொரு ‘அகெய்ன்’ தேவையில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்தது, எப்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? வெள்ளிக்கிழமை மாலை பிரிந்த நண்பனைத் திங்கட்கிழமை பார்ப்பதற்கு ‘மீட் அகெய்ன்’ போதும். ‘ரீயுனைட்’ வர வேண்டுமென்றால் மூன்று நிலைகள் வேண்டும். முதலில் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு, மனத்தில் படும்படியான ஒரு பிரிவு வேண்டும். அதன்பின் மீண்டும் சேர வேண்டும். புகழேந்திப் புலவரின் நளவெண்பாவை நினைத்துப் பாருங்கள். சுயம்வர காண்டத்தில் நளனும் தமயந்தியும் சேர்கிறார்கள். கலிதொடர் காண்டத்தில் பிரிகிறார்கள். கலிநீங்கு காண்டத்தில் மீண்டும் சேர்கிறார்கள். அந்த மூன்றாம் காண்டத்துக்கு உரிய வினைச்சொல் ‘ரீயுனைட்’.

உயர்நிலை வகுப்புகளில் வரலாற்றிலிருந்தும் எடுத்துக்காட்டலாம். 1949இல் இரண்டு நாடுகளாகிய ஜெர்மனி 1990 அக்டோபர் 3 அன்று மீண்டும் ஒன்றானது. கொரியப் போரால் பிரிந்த குடும்பத்தினர் சிலர் 2000 முதல் 2018 வரை நடந்த சந்திப்புகளில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். சில நாள்களில் மறுபடியும் பிரிந்தார்கள். அதற்கும் ஆங்கிலத்தில் ‘ரீயுனைட்’ தான். சேர்ந்தபின் எவ்வளவு காலம் சேர்ந்திருந்தார்கள் என்று அந்தச் சொல் கேட்பதில்லை.

இனி வாக்கிய அமைப்பு. தமிழில் ‘சேர்ந்தான்’ தன்வினை, ‘சேர்த்தான்’ பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ரீயுனைட்டட்’ என்ற ஒரே வடிவம்தான். ‘தி பிரதர்ஸ் ரீயுனைட்டட்’ என்றால் சகோதரர்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்தார்கள். ‘தி போலீஸ் ரீயுனைட்டட் தி சைல்ட் வித் ஹிஸ் மதர்’ என்றால் காவலர்கள் குழந்தையைத் தாயுடன் சேர்த்துவைத்தார்கள். இதைச் செயப்பாட்டுவினையாக்கினால் ‘தி சைல்ட் வாஸ் ரீயுனைட்டட் வித் ஹிஸ் மதர்’ என்றாகும். செய்திகளில் அடிக்கடி காண்பது இந்த வடிவமே. தமிழாசிரியர் தன்வினை, பிறவினை நடத்தும் வாரத்திலேயே ஆங்கில ஆசிரியர் இந்த மூன்று வாக்கியங்களையும் நடத்தினால் இரண்டு பாடங்களுக்கும் பயன் உண்டு. ‘ட்’ ஒலியில் முடியும் வினை என்பதால் இறந்தகாலத்தில் கடைசி அசையைத் தனியாக ஒலிக்கப் பழக்குங்கள்.

தொடக்க வகுப்புகளில் இலக்கணம் வேண்டாம். மூன்று படங்கள் போதும். பசுவும் கன்றும் சேர்ந்து நிற்கின்றன. மேய்ச்சலில் கன்று வழிதவறுகிறது. மாலையில் கன்று பசுவிடம் ஓடிவருகிறது. மூன்றாவது படத்தைக் காட்டி, ‘தி காஃப் ரீயுனைட்டட் வித் தி கவ்’ என்று நீங்கள் சொல்ல, குழந்தைகள் திருப்பிச் சொல்லட்டும். அடுத்த நாள் அதே படங்களை அவர்களே வரைந்து, அவர்களே சொல்லட்டும்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ‘உங்கள் குடும்பத்தைப் பற்றி இந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்’ என்று எல்லாரையும் கேட்காதீர்கள். நம் வகுப்பில் அப்பா வெளிநாட்டில் இருக்கும் குழந்தை உண்டு. செங்கல் சூளைக்குப் போன பெற்றோரைப் பிரிந்து பாட்டியுடன் இருக்கும் குழந்தை உண்டு. திரும்பி வரவே முடியாத ஒருவருக்காகக் காத்திருக்கும் குழந்தையும் உண்டு. பொங்கலுக்கு அப்பா வந்ததை ஒரு மாணவி ஆசையாக எழுதுவாள். அடுத்த இருக்கையில் இருப்பவளால் அது முடியாமல் போகலாம். ஆகவே, நண்பர், கன்று, தொலைந்து கிடைத்த புத்தகப் பை, கதையில் வரும் பாத்திரம் என்று நான்கைந்து வழிகளைக் கொடுத்து, அவர்களே தேர்ந்தெடுக்க விடுங்கள். ஒரு குழந்தை எழுதாமல் உட்கார்ந்திருந்தால் அதைப் பிழையாகக் குறிக்காமல் தனியே அழைத்துப் பேசுங்கள்.

காணாமல்போன குழந்தை பற்றிய வாக்கியத்தை நடத்தும் நாளில் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் கரும்பலகையில் எழுதுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம். திருவிழாக் கூட்டத்திலோ பேருந்து நிலையத்திலோ தனித்து நிற்க நேர்ந்தால் யாரிடம் போவது, என்ன சொல்வது என்பதையும் ஐந்து நிமிடம் பேச வையுங்கள். பெற்றோர் பெயரும், ஊர்ப் பெயரும், ஒரு கைப்பேசி எண்ணும் ஒவ்வொரு குழந்தைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். ஒரு வினைச்சொல்லை நடத்தும் பாடவேளையில் இதற்கும் இடம் உண்டு.