கேலிக் மொழியைக் காத்தல் வீண்செலவா?

(மொழியன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு மொழியைச் சிலரே பேசுகின்றனர். அவர்கள் அனைவருக்கும் ஆங்கிலமும் தெரியும். அம்மொழியால் வாணிகம் பெருகுவதில்லை. அலுவல் கிடைப்பதும் அரிது. அத்தகைய மொழியைப் பொருள் செலவிட்டுக் காக்கத்தான் வேண்டுமா? இசுக்காட்லாந்தின் கேலிக் மொழியைப் பற்றி இவ்வினா இன்றும் எழுப்பப்படுகின்றது. இதற்கு விடை காணுமுன், அம்மொழி ‘பயனற்றது’ ஆனது எவ்வாறு என்பதைக் காணல் வேண்டும்.

கேலிக் ஒருகாலத்தில் இசுக்காட்லாந்து அரசர்தம் அவையில் வழங்கிய மொழி. அது தானே தளரவில்லை, தளர்த்தப்பட்டது. 1609-இல் ஐயோனா விதிகள் வகுக்கப்பட்டன. மேலைத் தீவுகளில் செல்வமுடையார் ஒவ்வொருவரும் தம் தலைமகனைத் தாழ்நிலப் பள்ளிக்கு அனுப்பி ஆங்கிலம் பயிற்ற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1616-இல் அரசவையின் ஆணை பிறந்தது. ஊர்தோறும் பள்ளி நிறுவி ஆங்கிலத்தைப் பரப்புக, கேலிக்கை ஒழிக்க என்பது அதன் கருத்து. 1746-இல் கலோடன் போர்க்களத்தில் மேட்டுநிலக் குடிகளின் வலிமை முறிந்தது. பின்னர், ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம்வேண்டி உழவர்கள் வழிவழியாக வாழ்ந்த நிலங்களினின்று வெளியேற்றப்பட்டனர். கடல் கடந்து கனடாவுக்குச் சென்றோர் பலர். 1872-இல் வந்த கல்விச் சட்டமோ கேலிக்கின் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. அந்த வாய்மூடலே போதுமானதாயிற்று. பள்ளி வாயிலில் தாய்மொழி நின்றுவிட்டது.

முதலில் மொழியை அவையினின்றும் பள்ளியினின்றும் விலக்குவர். பின்னர், ‘இம்மொழியால் என்ன பயன்?’ என்று வினவுவர். ஒருவன் காலை முறித்துவிட்டு, ‘இவனுக்கு நடக்கத் தெரியவில்லையே’ என்று எள்ளி நகைப்பது போன்றது இது.

ஆங்கில அகரமுதலி ஆக்கிய சாமுவேல் சான்சன் 1773-இல் அத்தீவுகளைச் சுற்றிப் பார்த்தார். கேலிக் அறியாத அவர், அது பண்படாதார் பேச்சு என்றும், நூறாண்டுப் பழமையுடைய ஏட்டுப்படி ஒன்றும் அதில் இல்லை என்றும் 1775-இல் எழுதிவிட்டார். ஆனால், 12-ஆம் நூற்றாண்டுக் கேலிக் குறிப்புகளைத் தாங்கிய ‘தீர்’ மடத்து நூல், 1715 முதலே கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்து வந்தது! அறியாமையை அளவுகோலாக்கினால் எம்மொழிதான் சிறக்கும்?

எட்வர்டு துவெல்லி என்பாரும் ஆங்கிலேயரே. அவர் கேலிக்கை முயன்று கற்று, அதன் சொற்களைத் தொகுத்து, தாமே அச்சிட்டு, 1901 முதல் 1911 வரை பகுதி பகுதியாகப் பேரகரமுதலி ஒன்றை வெளியிட்டார். அறிந்தவர் வியந்தார், அறியாதவர் இகழ்ந்தார்.

அம்மொழியின் அழகைச் சிறிது காண்மின். அதன் எழுத்துகள் 18; அவற்றை மரப்பெயர்களால் அழைப்பது மரபு. ‘நான் நூலை உடையேன்’ என்னும் ஆங்கில முறை அங்கில்லை. தமிழைப் போன்றே, ‘என்னிடம் நூல் உள்ளது’ என்பர். துயருற்றவர் ‘என்மேல் துயர் உள்ளது’ என்பர். ‘வந்தாயா?’ என்றால் வினைச்சொல்லாலேயே விடை சொல்வர். ‘ஆம்’ என்பதற்குத் தனிச்சொல் இல்லை. இன்வர்நெசு என்னும் ஊர்ப்பெயர் நெசு ஆற்றின் முகத்துவாரத்தைக் குறிக்கும் கேலிக் பெயர். அம்மொழி அழிந்தால், அந்நாட்டு மக்கள் தம் மலைக்கும் ஆற்றுக்கும் பொருள் தெரியாமல் வாழும் அயலார் ஆவர். ‘அவர்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே’ என்போர்க்கு இதுவே விடை. ஆங்கிலம் அறிந்தவர் கேலிக்கையும் பேசுவதால் உலகத் தொடர்பு அறுவதில்லை. கேலிக்கைக் கைவிட்டாலோ முன்னோர் தொடர்பு அறுகின்றது.

அதை உணர்ந்தோர் வாளா இருக்கவில்லை. 1973-இல் இசுகை தீவில் கேலிக் கல்லூரி எழுந்தது. 1985-இல் கிளாசுகோவிலும் இன்வர்நெசிலும் கேலிக் வழித் தொடக்கக் கல்வி தொடங்கிற்று. 2005-இல் மொழிச் சட்டமும், 2008-இல் கேலிக் தொலைக்காட்சியும் வந்தன. 2025-ஆம் ஆண்டுச் சட்டம் கேலிக்கை ஆட்சிமொழி நிலைக்கு உயர்த்தியது. 1891-இல் இரண்டரை இலக்கத்தினர் பேசிய மொழி, 2011-இல் ஏறத்தாழ 57,000 பேராகச் சுருங்கி, 2022-இல் ஏறத்தாழ 69,700 பேராக வளர்ந்துள்ளது. வீண்முயற்சி என்றோர்க்கு இத்தொகை விடை கூறும்.

எனினும், அதே கணக்கெடுப்பு ஒரு கசப்பையும் காட்டுகின்றது. கேலிக்கின் தாயகமாகிய மேலைத் தீவுகளில் அதைப் பேசுவோர் 2011-இல் 52 விழுக்காட்டினர். 2022-இல் 45 விழுக்காட்டினரே. நகரப் பள்ளியில் மொழி தளிர்க்க, தீவின் அடுப்படியில் அது வாடுகின்றது. பள்ளி மொழியைக் கற்பிக்கும்; வீடே அதை வாழ்விக்கும். சட்டம் வேலியாகலாம், பயிராக இயலாது.

தமிழ் வடமொழித் துணையின்றியும் தனித்தியங்க வல்லது என்று 1856-இல் ஒப்பிலக்கணம் கண்டு நாட்டிய கால்டுவெல், இசுக்காட்லாந்துப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்து, கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அம்மண்ணின் மொழி தமிழர்க்கு இன்று ஒரு பாடத்தைத் தருகின்றது. 2011 கணக்கின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6 கோடியே 90 இலக்கத்தினர். பெருந்தொகை அரண் என்று எவரும் துயில வேண்டா. கேலிக்கின் வீழ்ச்சி ஏழையின் குடிலில் தொடங்கவில்லை. செல்வர் வீட்டுத் தலைமகனிடம் தொடங்கிற்று. அங்கே அரசன் ஆணையிட்டு அனுப்புவித்தான். இங்கே பெற்றோர் கட்டணம் செலுத்தித் தாமே அனுப்புகின்றனர்!

அன்பர்களே! கேலிக் காக்கத்தக்கதா என்னும் வினாவுக்கு விடை, அதைப் பேசும் தாய் தன் பிள்ளையிடம் எம்மொழியில் பேசுகிறாள் என்பதில் இருக்கின்றது. தமிழுக்கும் விடை அங்கேயே இருக்கின்றது. இன்றிரவு வீடு திரும்புவோர், தம் மக்களைத் தமிழில் அழைத்துத் தமிழில் உணவூட்டித் தமிழில் துயிற்றுக! மொழிகாப்பு அங்குத் தொடங்குக!