வள்ளியும் வயோலாவும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வேடம் பூண்டு வந்து காதலிப்பதும், ஆளை ஆள் அறியாது மயங்குவதும் நகைச்சுவை நாடகத்தின் பழைய கைமுதல். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' இதற்குப் பேர்போனது. 1602 பெப்ரவரியில் அது இலண்டனில் சட்டம் பயில்வோர் மண்டபமொன்றில் ஆடப்பட்டது. கப்பலுடைந்து கரை சேர்ந்த வயோலா, ஆணுடை தரித்து ஒரு கோமகனிடம் ஊழியஞ் செய்கிறாள், அவனையே காதலிக்கிறாள். அவனோ வேறொரு சீமாட்டிக்கு இவளையே தூதனுப்புகிறான். சீமாட்டி, வந்தவளை ஆணென்று நம்பி அவள்மீதே ஆசை வைத்து விடுகிறாள்!

மிஷன் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபொழுது என் மனம் 'வள்ளி திருமண'த்துக்கே ஓடிற்று. கந்தபுராணக் கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடைக்கு ஆக்கித் தந்தார். முருகன் வேடனாய் வருகிறான், வள்ளியின் தந்தை நம்பிராஜன் வரக் கண்டதும் வேங்கை மரமாகிறான், அப்பால் கிழவனாகிறான். இந்தக் கிழவர் பொல்லாதவர். 'குமரி'யில் நீராடினால் மூப்பு நீங்குமென்று வந்தேன் என்கிறார். நம்பி தீர்த்தத்தை எண்ணுகிறான். எந்தக் குமரியென்பது நமக்கன்றோ தெரியும்! மகளுக்குத் துணையாயிருமென்று தகப்பனே காதலனை அமர்த்திவிட்டுப் போகிறான். பிறகு தேனும் தினைமாவும், விக்கல், தண்ணீர் என்று கூத்து வளர்கிறது. இலண்டன் மண்டபத்துக்கு இது எவ்விதத்திலும் இளைத்ததன்று.

ஆனால் ஒன்று பாருங்கள். வயோலாவின் வேடத்தால் வருந்துகிறவள் வயோலாதான். தன் காதலனுக்காக இன்னொருத்தியிடம் தானே காதல் மொழி பேச வேண்டியிருக்கிறது. நம் கதையிலோ வேடம் போட்டவனுக்கு ஒரு நட்டமுமில்லை. ஆலோலம் பாடிக் காவல் நிற்கும் பெண்ணுக்கே அத்தனை சங்கடமும். மேடையில் வரும் வள்ளி முருகனையே நினைத்திருப்பவள். அவன்பொருட்டே அவனை ஏசித் துரத்துகிறாள். நமக்குச் சிரிப்பு, அவளுக்கு அது மானப் பிரச்சினை. தனித்து நிற்கும் பெண்ணிடம் முன்பின் அறியாதவன் வந்து வம்பு பேசுவது எப்படியிருக்கும் என்பதை, நம் இரத்தோட்டைத் தேயிலை மலைகளில் கொழுந்தெடுக்கும் சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

'இறைவன் ஆன்மாவைச் சோதிக்கிறான்' என்று பெரியோர் விளக்குவர். தத்துவம் இருக்கட்டும், மேடையில் நாம் காண்பது ஓர் ஆணையும் பெண்ணையுமே. கணபதி யானையாய் வர, அஞ்சிக் கிழவனைக் கட்டிக்கொள்ளும் வள்ளியிடம் மணத்துக்கு வாக்கு வாங்குகிறார்களே, அந்த இடம் எனக்கு உவப்பானதன்று. அச்சத்தில் பிறந்த சம்மதம் சம்மதமாகுமா?

அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்வது தர்க்கப் பாட்டுத்தான். அங்கே வள்ளி வாயடைத்து நிற்பவளல்லள்; வேலன் ஒன்று பாடினால் அவளும் ஒன்று பாடி மடக்குகிறாள். 1926இல் கொழும்பில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து இந்நாடகத்தில் நடித்த கே. பி. சுந்தராம்பாள் பாட்டில் எவருக்கும் சளைத்தவரல்லர். மறு வருடம் இருவரும் மணந்துகொண்டனர். அங்கே யானைக்கு வேலையிருக்கவில்லை!

ஆகவே தோழர்களே, நம் சங்க மேடையில் இந்நாடகத்தைப் போடுவதானால் ஒரு வேண்டுகோள். நேரம் போதாதென்று தர்க்கத்தை வெட்டி, யானைக் காட்சியை நீட்ட வேண்டாம். யானை சீக்கிரம் வந்து போகட்டும்; வள்ளியின் பாட்டில் ஓர் அடியுங் குறைக்காதீர்கள்.