படியில்லாத பட்டறை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும். நமக்கு அதோடு பீங்கானும் வரும். அகல், பொம்மை, ஜாடி, ஃபியூஸ் கேரியர் என்று எத்தனையோ நம்ம ஊர்ச் சூளையில் வெந்திருக்கு. அப்படிப்பட்ட பழைய சூளைக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தால், "இடிச்சிடலாமே" என்றுதான் முதலில் தோன்றும். நான் வேறொன்று கேட்கிறேன். அதை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஊராருக்கும் பொதுவான கலைக்கூடமாக்கினால் என்ன?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். போலியோவால் கால் பாதிக்கப்பட்ட என் நண்பர், தாம் செய்த பொம்மைக்கு வெளியூர் விழா ஒன்றில் பரிசு வாங்கப் போனார். மேடைக்கு ஐந்து படி. நாங்க ரெண்டு பேர் தூக்கிட்டுப் போனோம். ஒரே கைதட்டல். இறங்கியதும் அவர் சொன்னார்: "பொம்மைக்கு ஒருத்தனும் தட்டலடா. நீங்க என்னைத் தூக்கினதுக்குத்தான் தட்டினாங்க." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இது நடக்காத காரியமில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1984-ல் தொடங்கிய 'ப்ராஜெக்ட் எபிலிட்டி' என்ற மாற்றுத்திறனாளிகளின் கலை அமைப்பு, 2009-ல் 'டிரான்கேட் 103' கலை மையத்துக்குக் குடிபுகுந்தது. அந்த மையம் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து உருவாக்கியதுதான். நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கலையில் பங்கேற்பதை அவர்களின் உரிமையாகவே சொல்கிறது.

மண் வண்டி போய்வரக் கட்டிய கொட்டகையில் வாசல் அகலமாக, தளம் சமமாக இருக்கும். சக்கர நாற்காலிக்கும் அதுதானே வேண்டும்! வாசலில் ஒரு அடி உயரம் இருந்தால் 12 அடி நீளத்துக்குச் சாய்தளம் போடணும். மேசைக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் விடணும். மண் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கணும். இதற்கெல்லாம் முன்பாக, சுவரும் கூரையும் உறுதியா என்று பொறியாளர் பார்த்துச் சொல்லணும். பார்வையற்றவருக்கோ களிமண் போல் நல்ல துணை வேறில்லை, விரலே பார்த்துக்கொள்ளும்.

நண்பர்களே, பணம் மட்டும் கேட்கவில்லை. மண்ணும் கிளேஸும் சூளையும் தெரிந்தவர்கள் நாம். வாரம் ஒரு நாள் கொடுங்கள். மாணவர்களே, வரைபடம் போடுமுன் சக்கர நாற்காலியில் வருபவரை அழைத்து வந்து, "எங்கே தடுக்குது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை முதலில் எழுதுங்கள். அடுத்த முறை என் நண்பர் தாமாகவே உள்ளே வரட்டும். நாம் அவர் பொம்மைக்குக் கை தட்டுவோம்.