புத்தகக் கடையும் சமுதாய வாழ்வும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'நூலும் சமுதாயமும்' என்பது நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. அது கடல்போல் அகன்றது. எனவே அதனை ஒரு கடைக்குள் அடக்கிக்கொள்கிறோம். விடுதியின் முகப்பு அறையை வாடகைக்கு விடுவதா, கழகமே அங்குப் புத்தக விற்பனை நடத்துவதா என்னும் கேள்வி செயற்குழுவின் முன் நிற்பதை நீங்கள் அறிவீர்கள். வாடகை வந்தால் இரண்டு மாணவரின் உணவுச் செலவு தீரும் என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதனை மனத்தில் கொண்டே இவ்வுரையைக் கேட்க வேண்டுகிறோம்.

அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களுக்கு எழுத்து என்பது தடுக்கப்பட்ட பொருளாக இருந்தது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பது குற்றம் என்று தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். ஏன் அவ்வாறு அஞ்சினர் என்பதை இந்த அவையில் நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த மக்களுள் ஒருவரான டேவிட் ரக்கிள்ஸ் 1834இல் நியூயார்க்கு நகரில் ஒரு புத்தகக் கடை திறந்தார். கறுப்பர் ஒருவர் அந்நாட்டில் நடத்திய முதல் புத்தகக் கடை அதுவே என்பர். அடிமை முறையை எதிர்க்கும் நூல்களும் துண்டு வெளியீடுகளும் அங்கு விற்கப்பட்டன. மறு ஆண்டே ஒரு கும்பல் அதனைத் தீக்கிரையாக்கிற்று. ஆயினும் அவர் பணி நிற்கவில்லை. 1838இல் அடிமைத்தளையினின்றும் தப்பி வந்த இளைஞர் பிரெடரிக் டக்ளஸுக்குப் புகலிடம் அளித்தது ரக்கிள்ஸின் இல்லமே. அவ்விளைஞர் பின்னாளில் எத்தகைய எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்தார் என்பதை உலகறியும்.

இனி, நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்பும் கடைக்கு வருவோம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1930களின் தொடக்கத்தில் லூயிஸ் மிஷோ என்பவர் ஒரு கடை தொடங்கினார். கையில் ஐந்து நூல்களே இருந்தனவாம். கறுப்பர் புத்தகம் வாங்கமாட்டார் என்பதே அன்று பலரின் துணிபு. (நம்மைப் பற்றியும் இவ்வாறு சொன்னோர் உண்டு; இன்றும் சொல்வர்.) இரவில் கடையின் பின்புறத்திலேயே படுத்துறங்கி அவர் அதனை வளர்த்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, கறுப்பின மக்கள் எழுதியவையும் அவர்களைப் பற்றி எழுதப்பட்டவையுமான நூல்கள் சுவர் கொள்ளாமல் நிறைந்தன. நல்லறிவின் இல்லம் என்னும் பொருள்பட வாயிலில் பெரும் பலகை எழுதி வைத்தார். விளம்பரத்தில் மிஷோ கூச்சமறியாதவர்! தலைவர்களின் படங்களும் அங்கே வரிசையாக இருந்தன.

அந்தக் கடையின் சிறப்பு விற்பனையில் மட்டும் இல்லை. பணம் இல்லாதவரும் உள்ளே சென்று அமர்ந்து படிக்கலாம். நூல் வாங்காதவரை விரட்டுகின்ற கடைக்காரரையே கண்டு பழகிய மக்களுக்கு இது புதுமை. மால்கம் எக்ஸ் அங்கு அடிக்கடி வந்து படித்தவர். கடைக்கு வெளியே, ஏழாம் நிழற்சாலையும் 125ஆம் தெருவும் கூடும் முனையில், ஏணியின் மேல் நின்று பேசுவது ஹார்லெமின் வழக்கம். மால்கமும் அவ்விடத்தில் மக்களிடம் பேசியவரே. உள்ளே படிப்பு, வெளியே பேச்சு! இரண்டிற்கும் இடையே ஒரு வாயிற்படிதான் இருந்தது.

1958ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் தம் முதல் நூலோடு ஹார்லெமுக்கு வந்தார். நூலில் கையொப்பமிடும் நிகழ்ச்சி புளும்ஸ்டைன் என்னும் பெருங்கடையில் நடந்தது. அது வெள்ளையர் உடைமை. கறுப்பர்க்கு எழுத்தர் வேலை தர மறுத்து, 1934இல் மக்களின் புறக்கணிப்புக்குப் பின்னரே இணங்கிய கடை அது. நம் மக்களின் நூலை நம் மக்களின் கடையில் ஏன் வைக்கவில்லை என்று மிஷோ கண்டித்தார். அந்த நிகழ்ச்சியில்தான், செப்டம்பர் 20ஆம் நாள், மனநலம் குன்றிய ஒரு பெண் கிங்கைக் கத்தியால் குத்தினார். ஹார்லெம் மருத்துவமனையில் செய்த அறுவையால் அவர் உயிர் பிழைத்தார். இத்தாக்குதலையும் மிஷோவின் கண்டனத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது முறையாகாது. ஆனால் கண்டனம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். எழுத்தாளரைப் போற்றும் சமுதாயம் அவரை வரவேற்கத் தனக்கென ஒரு திண்ணை வைத்திருக்க வேண்டாமா?

அரசு அலுவலகக் கட்டடம் எழுப்புவதற்காக அந்த முனையிலிருந்து மிஷோவின் கடை அகற்றப்பட்டது. வேறிடத்தில் சில காலம் நடந்து, 1974இல் மூடப்பட்டது. 1976இல் அவரும் மறைந்தார்.

இத்தகைய கடைகளை ஆட்சியாளர் எவ்வாறு எடைபோட்டனர் என்பதற்கும் சான்றுண்டு. 1968 அக்டோபரில் கூட்டரசுப் புலனாய்வுத் துறையின் தலைவர் எட்கர் ஹூவர் தம் கிளைகள் அனைத்திற்கும் ஓர் ஆணை விடுத்தார். கறுப்பரின் புத்தகக் கடைகளைக் கண்டறிக. உரிமையாளர் யார், என்னென்ன நூல்கள் உள்ளன, பணநிலை எப்படி, யார் யார் வருகின்றனர், கூட்டம் நடக்கிறதா என்று ஆராய்க என்பது அதன் சாரம். அதே ஆண்டில் வாஷிங்டனில் மாணவர் போராட்ட இயக்கத்தினர் தொடங்கிய 'டிரம் அண்ட் ஸ்பியர்' கடையும் அக்கண்காணிப்புக்கு உள்ளாயிற்று. கெட்ட நோக்கத்தோடு கேட்கப்பட்டவை என்றாலும், புத்தகக் கடை நடத்த முனையும் நம் செயற்குழு தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத் தகுந்த கேள்விகள் அவை!

நமக்கும் அம்மக்களுக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர்கள் கேட்கலாம். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம் ஹார்லெமை அடுத்தே உள்ளது. 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கேட்டது என்ன? ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகள் சில. கடல் கடந்து அவர் நாடியது அச்சிட்ட தாளை!

கடைகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன என்று எண்ணிவிடாதீர்கள். 1960இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தம்பதியர், தங்கள் அச்சகத்தின் துணையோடு, பின்னர் 'மார்க்கஸ் புக்ஸ்' எனப் பெயர்பெற்ற கடையைத் தொடங்கினர். கிடைக்காமற்போன நூல்களை மறுபதிப்புச் செய்தனர். அந்நகரக் கடை 2014இல் இடத்தை இழந்தது. ஓக்லாந்து நகரக் கிளை அதன் பின்னும் நடந்து வந்தது.

இனி நம் முகப்பு அறை. தேர்வு வழிகாட்டிகளை மட்டும் விற்பதானால் வாடகைக்கு விடுவதே மேல். அவை எந்தக் கடையிலும் கிடைக்கும். அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன், அண்ணல் ஆகியோரின் எழுத்துகளும், நம் இளைஞர் எழுதி அச்சிடும் சிறு நூல்களும் அங்கு இருக்குமானால், முதல் ஓராண்டுக்கு வாடகை இழப்பை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்பது நம் வேண்டுகோள். கடன் விற்பனை வேண்டா. கடன் பல கடைகளைக் கொன்றிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல், வேலை முடிந்து வருவோர்க்காகக் கடை திறந்திருத்தல் வேண்டும். விலை கொடுக்க இயலாதோர் அமர்ந்து படிப்பதற்குப் பின்சுவரை ஒட்டி ஒரு நீண்ட பலகை போட இடம் உண்டா என்பதைச் செயற்குழுவினர் நாளையே அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.